பெபாக்டன் நீர்த்தேக்கத்துக்கு மேலே 64 ஏக்கர் காடு: எந்த அரசு உதவியை ஏற்பது?

காட்டுப்பங்காளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் வசிக்கும் நாங்கள் நான்கு குடும்பத்தினர் கூட்டாக, நியூயார்க் மாநிலத்தின் டெலவேர் கவுண்டியில் 64 ஏக்கர் காட்டு நிலம் வாங்கியிருக்கிறோம். ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலமாக இருந்து, கைவிடப்பட்ட பிறகு தானாகவே மேப்பிள், ஆஷ், பீச் மரங்கள் எழுந்து நிற்கும் சரிவு அது. பழைய கல்வேலிகள் இன்னும் காட்டுக்குள்ளே ஓடுகின்றன. நடுவில் இறங்கும் சிற்றோடை டெலவேர் ஆற்றின் கிழக்குக் கிளையில் சேர்ந்து, அங்கிருந்து பெபாக்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. நியூயார்க் நகரத்துக்குக் குடிநீர் தரும் நீர்த்தேக்கங்களில் மிகப் பெரியது அதுதான் என்பது நிலத்தை வாங்கிய பிறகே எங்களுக்குத் தெரிய வந்தது.

இப்போது பல திசைகளிலிருந்தும் யோசனைகள் வருகின்றன. பக்கத்து நிலக்காரர், 480-ஏ என்ற வனவரிச் சட்டத்தில் சேர்ந்தால் சொத்துவரி வெகுவாகக் குறையும் என்கிறார். மத்திய வேளாண் துறையின் ஈக்விப் திட்டத்தில் விண்ணப்பித்தால் காட்டைச் சீர்செய்யப் பணம் கிடைக்கும் என்று இன்னொருவர் சொல்கிறார். வால்டன் ஊரில் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி வேளாண் மன்றம், நிலத்தை எந்நாளும் கூறுபோட்டு விற்பதில்லை என்று எழுதிக்கொடுத்தால் அதற்கு விலை தருமாம். இதற்கிடையில் ஒரு மர வியாபாரி, ஆஷ் மரங்களைப் பூச்சி தின்றுவிடும் என்றும், நல்ல மரங்களையும் சேர்த்து இப்போதே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றும் வற்புறுத்துகிறார்.

எங்களுக்குள் ஒருவருக்கு அடிப்படையிலேயே தயக்கம் இருக்கிறது. வசதியாக வாழ்கிற நாம், நம்முடைய சொந்தக் காட்டை வெட்டாமல் வைத்திருப்பதற்கு அரசிடம் பணம் வாங்கலாமா என்று அவர் கேட்கிறார். எனக்கோ, இவற்றில் எதில் கையெழுத்திட்டால் பிள்ளைகள் காலத்திலும் நம்மைக் கட்டிப்போடும் என்பதுதான் கவலை. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

ஓடைக்கரை எழுதியது:

உங்கள் பங்காளியின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை எளிதாகிவிடும். நீங்கள் பட்டியலிட்ட மூன்றையும் “அரசுப் பணம்” என்று ஒரே பெயரில் அழைக்கிறோமே தவிர, மூன்றும் வெவ்வேறு பைகளிலிருந்து வருகின்றன. எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் யாருக்குக் கடமைப்படுகிறீர்கள், எத்தனை காலத்துக்குக் கடமைப்படுகிறீர்கள் என்பது அமைகிறது.

வால்டன் மன்றம் தரும் பணம் பெரும்பாலும் நியூயார்க் நகரவாசிகள் கட்டும் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து வருவது. 1986-இல் அமெரிக்கக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, ஆற்றுநீரையும் ஏரிநீரையும் பயன்படுத்தும் நகரங்கள் வடிகட்டல் ஆலை கட்ட வேண்டும், அல்லது ஆலை இல்லாமலே நீர் பாதுகாப்பாக இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்ற 1989-ஆம் ஆண்டு விதிக்கு அது வழிவகுத்தது. கேட்ஸ்கில், டெலவேர் பகுதிகளின் நீருக்கு ஆலை கட்டினால் 600 கோடி முதல் 800 கோடி டாலர் வரை ஆகும் என்று அன்றைக்கு மதிப்பிட்டார்கள். ஓட்டும் செலவு அதற்கு மேல் தனி. நகரம் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்து, ஆலை கட்டுவதிலிருந்து முதல் விலக்கை 1993-இல் பெற்றது. 1997 ஜனவரியில் நகரம், மாநிலம், மத்திய சுற்றுச்சூழல் முகமை, மலைப்பகுதி ஊர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆகியோர் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே சுமார் 1,600 சதுர மைல் பரப்பில், நான்கில் மூன்று பங்கு காடாக இருக்கும் அந்த நிலத்தைக் காப்பதற்கு நகரம் செலவு செய்யும் என்பது அதன் சாரம். ஆகவே இது தானம் அன்று. உங்கள் சரிவு தரும் தெளிந்த நீருக்கு அதைக் குடிப்பவர் கொடுக்கும் விலை. இதில் கூச்சப்பட எதுவும் இல்லை என்பது என் கருத்து.

480-ஏ சலுகை முற்றிலும் வேறு. குறைந்தது 50 ஏக்கர் தொடர்ச்சியான காடு, மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்ட காட்டு மேலாண்மைத் திட்டம், அதில் எழுதியபடி வேலை செய்யும் உறுதி ஆகிய மூன்றும் இருந்தால், அந்த நிலத்தின் வரிமதிப்பு 80 விழுக்காடு வரை குறையலாம். ஆனால் அந்த வரியை மாநிலமோ மத்திய அரசோ ஈடுசெய்வதாக நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதே ஊரில் வரி கட்டும் உங்கள் அண்டை வீட்டார்தான் சுமக்கிறார்கள். நீரைக் குடிப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். உங்கள் பங்காளியின் தயக்கத்துக்கு நியாயமான இடம் ஒன்று இருக்குமானால் அது இங்கேதான்.

ஈக்விப் பணம் மத்திய வேளாண் சட்டத்தின் வழி வருகிறது. 1996-இல் தொடங்கிய திட்டம். வழக்கமாகச் செலவில் 75 விழுக்காடு வரை தருவார்கள், ஆனால் உங்கள் ரசீதைப் பார்த்துத் தருவதில்லை. ஓர் ஏக்கர் களை நீக்கத்துக்கு இவ்வளவு, ஓடையைக் கடக்கும் ஓர் இடத்தைச் சரிசெய்ய இவ்வளவு என்று முன்பே வகுத்த விலைப்பட்டியல் இருக்கும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் அந்த வேலைக்குப் பணம் கிடைக்காது. முடித்துக் காட்டிய பிறகே பணம் வரும் என்பதால் முதலில் உங்கள் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். 2025-இன் தொடக்கத்தில் வாஷிங்டனில் ஆட்சி மாறியதும், 2022-ஆம் ஆண்டின் பணவீக்கக் குறைப்புச் சட்ட நிதியில் ஒப்பந்தம் செய்திருந்த விவசாயிகள் பலருக்குப் பணம் நிறுத்திவைக்கப்பட்டதையும் மறக்க வேண்டாம். ஒப்பந்தம் கையில் இருந்தும் வங்கிக் கணக்கில் ஒன்றும் வராமல் அவர்கள் காத்திருந்தார்கள்.

நீங்கள் குறிப்பிடாத நான்காவது பையும் ஒன்று உண்டு. 1990-இல் தொடங்கிய ஃபாரஸ்ட் லெகசி திட்டத்தில், தனியார் காட்டில் கட்டடம் எழுப்பும் உரிமையை வாங்க மத்திய அரசு 75 விழுக்காடு வரை தருகிறது. அந்தப் பணம் கடலுக்குள் எடுக்கும் எண்ணெய், எரிவாயு வருவாயிலிருந்து வருவது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அது பெரும்பாலும் பெரிய பரப்புகளுக்கே போகிறது. 64 ஏக்கருக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

எது எத்தனை காலம் கட்டும் என்பதைப் பொறுத்தவரை, ஈக்விப் சில ஆண்டுகளோடு முடிந்துவிடும். 480-ஏ ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பத்தாண்டு உறுதி கேட்கும். இந்த ஆண்டோடு சலுகை வேண்டாம் என்று நிறுத்தினாலும், கடைசியாகக் கொடுத்த உறுதியின் மீதி ஆண்டுகள் உங்களைத் தொடரும். நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், மிச்சப்படுத்திய வரியைப் போல இரண்டரை மடங்கையும் வட்டியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வால்டன் மன்றத்துக்கு, நிலத்தைக் கூறுபோடுவதில்லை என்று எழுதிக்கொடுக்கும் ஈஸ்மென்ட் பத்திரமோ நிரந்தரம். பிள்ளைகளையும், அவர்களிடமிருந்து வாங்குபவரையும், அவரிடமிருந்து வாங்குபவரையும் அது கட்டும்.

கணக்குவழக்கு எழுதியது:

ஓடைக்கரை அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் 600 கோடி டாலர் கதையை எல்லோரும் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. “காட்டைக் காப்பாற்றினார்கள், ஆலை தேவைப்படவில்லை” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு செய்திருக்கிறது. அதில் கணிசமான தொகை மரங்களுக்குப் போகவில்லை. சிற்றூர்களின் கழிவுநீர் நிலையங்களைத் தரமுயர்த்தவும், பழுதான செப்டிக் டேங்குகளை மாற்றவும், பால்பண்ணைகளின் சாணம் ஓடையில் கலக்காமல் தடுக்கவும் போனது. டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளையில் உள்ள கேனன்ஸ்வில் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் பாஸ்பரஸ் மிகுந்த நீர்நிலையாகக் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது; பிறகு அதிலிருந்து மீண்டது இந்த வேலைகளால்தான்.

காட்டால் முடியாததும் ஒன்று இருக்கிறது. கேட்ஸ்கில் பக்கத்து ஓடைகளின் கரைகளில் பனியாற்றுக் காலத்து ஏரிகள் விட்டுச்சென்ற நுண்களிமண் படிந்து கிடக்கிறது. பெருவெள்ளம் அதை அரித்தால், மேலே எவ்வளவு அடர்ந்த காடு இருந்தாலும் தண்ணீர் கலங்கத்தான் செய்யும். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வந்தபோது நடந்தது அதுவே. கிருமிநாசினி சேர்க்கும் இடத்துக்கு வரும் நீரின் கலங்கல் அளவு 5 என்டியு-வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது விலக்கின் விதிகளில் ஒன்று. அதனால் கலங்கல் எழும் இடம் எது என்று பார்த்துப் பணத்தைச் செலவிடுவதே முறை. 2020-இல் தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வுக்குழுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: மேட்டுநிலக் காடுகளைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டே போவதைவிட, ஓடையோரங்களுக்கு முன்னுரிமை கொடுப்பது நல்லது.

எதிர்ப்பக்கச் சான்றாக, அதே நகரத்துக்குக் குரோட்டன் என்ற இன்னொரு பகுதியிலிருந்து வரும் நீரைச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் வீடுகளும் சாலைகளும் நெருக்கமாகிவிட்டதால் விலக்கு கிடைக்கவில்லை. பிராங்ஸ் பூங்கா ஒன்றின் அடியில் 300 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஆலை கட்டி, 2015-இல் இயக்கத் தொடங்கினார்கள். நிலம் கூறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நீங்கள் வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கியவர்கள் என்பதால் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. பெபாக்டன் நீர்த்தேக்கம் 1955-இல் பயன்பாட்டுக்கு வந்தபோது அரினா, பெபாக்டன், ஷேவர்டவுன், யூனியன் குரோவ் ஆகிய நான்கு ஊர்கள் நீருக்கடியில் போயின. அந்த மனக்கசப்பு இன்னும் முழுதாகத் தீரவில்லை. 1997 ஒப்பந்தத்தில் நகரம் விருப்பமுள்ளவரிடம் மட்டுமே நிலம் வாங்க வேண்டும், வாங்கிய நிலத்துக்குச் சொத்துவரியும் கட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியதற்குக் காரணம் அதுதான். ஆகவே ஈஸ்மென்ட் எழுதிக்கொடுக்கப் போகிறோம் என்று ஊர்க் கடையில் பெருமையாகச் சொன்னால், எல்லோரும் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். வீடு கட்ட இருக்கிற கொஞ்சச் சமநிலமும் போகிறதே என்று கவலைப்படுபவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் கவலையும் பொய்யில்லை.

காட்டுப்பங்காளி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தண்ணீர்க் கட்டணம் என்ற விளக்கம் எங்கள் பங்காளியின் தயக்கத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. 480-ஏ பற்றி மட்டும் அவர் இன்னும் யோசிக்கிறார். இரண்டு சந்தேகங்கள் மீதம் உள்ளன. மேட்டில் எப்போதாவது ஒரு சிறு வீடு கட்ட வேண்டும் என்று நினைக்கிறோம். அதற்கு இவை இடம் தருமா? அடுத்து, மர வியாபாரியின் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது? ஆஷ் மரங்கள் பல உச்சியிலிருந்து காய்ந்து வருவது எங்கள் கண்ணுக்கே தெரிகிறது.

மலைச்சரிவு எழுதியது:

காட்டு வேலையிலேயே காலம் கழிப்பவன் என்ற முறையில், மரத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். ஆஷ் மரங்களைப் பற்றி வியாபாரி சொல்வது உண்மை. மரகத நிறத் துளைப்பான் வண்டின் புழுக்கள் பட்டைக்கு அடியில் நெளிநெளியாகக் குடைந்து மரத்தைக் கொன்றுவிடுகின்றன. காய்ந்த ஆஷ் விரைவில் நொறுங்கும், வெட்டுபவருக்கும் ஆபத்து. ஆனால் அந்த உண்மையைச் சாக்காக வைத்து, நன்றாக வளரும் மேப்பிள்களையும் சேர்த்துக் கேட்பதுதான் பழைய தந்திரம். இன்ன சுற்றளவுக்கு மேற்பட்டவை எல்லாம் என்று ஒப்பந்தம் எழுதினால், காட்டின் தலைசிறந்த மரங்கள் போய், வளைந்தவையும் நோயுற்றவையும் அடுத்த தலைமுறைக்கு விதைமரங்களாக மிஞ்சும். வியாபாரிக்காக வேலை செய்யாத, உங்களிடம் கூலி பெறும் வனவியலாளர் ஒருவரை அமர்த்தி, வெட்ட வேண்டிய மரங்களுக்கு அவர் கையால் வண்ணம் பூசச் செய்து, மூடிய ஒப்பந்தப்புள்ளிகள் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் விலை சொன்னாலே உங்களுக்கு நிலவரம் புரிந்துவிடும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மரத்தை வெட்டுவதைவிட அதை இழுத்து வரும் பாதைதான் கெடுதல் செய்கிறது. சரிவில் நேராக இறங்கும் பாதையில் டிராக்டர் சக்கரத்தடம் பதிந்தால், அடுத்த மழைக்கு அதுவே வாய்க்கால். அதனால் வேலை முடிந்ததும் பாதையின் குறுக்கே, சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மண்ணை வெட்டி மேடு எழுப்புவார்கள். ஓடி வரும் நீர் அதில் முட்டி, பாதையை விட்டுப் பக்கத்துச் சருகுக்குள் இறங்கிப் போய்விடும். சரிவு செங்குத்தாக இருந்தால் மேடுகள் நெருக்கமாக வேண்டும். மேட்டின் கீழ்முனை அடைபட்டிருந்தால் நீர் அங்கேயே தேங்கி, ஒருநாள் மேட்டை உடைத்துக்கொண்டு போகும். இதைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. நல்ல மழை பெய்யும்போது பாதையில் நடந்து, பழுப்பு நீர் எங்கே வெளியேறுகிறது, அது ஓடைக்குப் போகிறதா சருகில் மறைகிறதா என்று பார்த்தாலே போதும்.

ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால், மரக்கட்டைகளைப் போட்டு மண்ணை நிரப்பிக் கடக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வால்டன் மன்றம் இதற்காகவே எடுத்துப் போடத்தக்க பாலங்களை இரவலாகத் தருகிறது. குறுக்கு மேடுகள் போன்ற வேலைகளுக்கும் உதவித்தொகை உண்டு. டிரவுட் மீன் வாழும் தரத்திலுள்ள ஓடையானால் மாநில அனுமதியும் தேவைப்படும். தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில் மட்டுமே வெட்டலாம் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். ஓடையோரத்து ஹெம்லாக் மரங்களைத் தொடவே வேண்டாம். கம்பளிப் பேன் தாக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியிலைகள் சிறுகிளையில் சேரும் இடத்தில் பஞ்சுத் துணுக்குபோல வெண்மையாக ஒட்டியிருக்கும். அந்த நிழல் போனால் ஓடைநீர் சூடேறும்.

ஓடைக்கரை எழுதியது:

வீட்டைப் பற்றிய கேள்வி மிக முக்கியமானது, கையெழுத்துக்கு முன்பே கேட்டீர்கள் என்பதில் மகிழ்ச்சி. 480-ஏ திட்டத்தில் சேர்க்கும்போதே, வீடு, முற்றம், வழி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றுக்கான நிலத்தைத் தனியே ஒதுக்கி வரைபடத்தில் காட்டிவிடுங்கள். அதைக் கழித்த பிறகும் காடு 50 ஏக்கருக்குக் குறையக் கூடாது. உங்களிடம் 64 இருப்பதால் இடமிருக்கிறது. சேர்த்த நிலத்தில் பிறகு கட்டினால்தான் அபராதம் வரும். இதில் சேர்ந்தபின் மரம் விற்றால், முன்கூட்டியே துறைக்கு அறிவித்து, நின்ற நிலையில் மரத்தின் மதிப்பில் 6 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஈஸ்மென்ட்டிலும் அப்படியே. வீட்டுக்கான இடத்தைப் பத்திரத்திலேயே குறித்துவிட்டால் பிறகு யாருடைய தயவும் வேண்டாம். குறிக்காமல் விட்டதைப் பின்னால் கேட்டுப் பெறுவது மிகக் கடினம். நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால், வங்கி தன் உரிமையைப் பத்திரத்துக்குக் கீழ்ப்படுத்திக் கையெழுத்திட வேண்டும். பல பேச்சுவார்த்தைகள் இங்கேதான் மாதக்கணக்கில் நின்றுவிடுகின்றன. விலையை எப்படிக் கணக்கிடுவார்கள் என்றால், கட்டுப்பாடு இல்லாத நிலத்தின் சந்தை மதிப்பிலிருந்து கட்டுப்பாடு உள்ள நிலத்தின் மதிப்பைக் கழிப்பார்கள். நீங்கள் அதை முழு விலைக்கு விற்காமல் ஒரு பகுதியையாவது கொடையாகக் கொடுத்தால் கதை மாறும். கொடைப் பகுதியை மத்திய வருமான வரியில் ஆண்டு வருமானத்தின் பாதி வரையிலும் கழித்து, மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச்செல்லலாம். நியூயார்க் மாநிலம் அந்த நிலத்தின் சொத்துவரியில் 25 விழுக்காட்டை, ஆண்டுக்கு 5,000 டாலர் உச்சவரம்புக்குள், திருப்பித் தருகிறது. நீங்கள் வேறு மாநிலத்தில் வசிப்பவர்கள் என்பதால், இதை நியூயார்க் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்துதான் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். கணக்காளர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதலில் காட்டு மேலாண்மைத் திட்டத்தை எழுதி வாங்குங்கள். அது 480-ஏ, ஈக்விப், ஈஸ்மென்ட் என எதற்குப் போனாலும் பயன்படும்; எதற்கும் போகாவிட்டாலும் மர வியாபாரியிடம் பேசும்போது பயன்படும். ஆனால் எதற்காக எழுதுகிறோம் என்பதை வனவியலாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் 480-ஏ கேட்கும் விவரங்கள் மற்றவை கேட்பதைவிட அதிகம். அடுத்து, செய்து முடிக்கும் வேலைக்கு மட்டும் கட்டுப்படுத்தும் உதவிகளை எடுங்கள். ஈக்விப் விண்ணப்பத்துக்கு வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் பண்ணை எண் பெற்று, நான்கு குடும்பமும் தனித்தனியே வருமான வரம்புப் படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒருவரின் படிவம் தாமதமானால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒரே வேலைக்கு அங்கேயும் வால்டன் மன்றத்திலும் கேட்பதாக இருந்தால் இரு தரப்பிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

480-ஏ வேண்டுமென்று நால்வரும் ஒத்துக்கொண்டால், சான்றிதழ் பெற்ற பிறகு கவுண்டி எழுத்தரிடம் உறுதிப் பத்திரத்தைப் பதிந்து, பெரும்பாலான ஊர்களில் மார்ச் 1-க்குள் வரிமதிப்பீட்டாளரிடம் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். திட்டம் எழுதவும் துறை பார்த்து ஒப்புதல் தரவும் நாளாகும் என்பதால், அடுத்த மார்ச்சுக்கு வேண்டுமானால் இந்தக் கோடையிலேயே வனவியலாளரை அழைத்துவிடுங்கள். நிரந்தரப் பத்திரத்தை மட்டும் அவசரப்பட்டு எழுத வேண்டாம்; நான்கு குடும்பத்துப் பிள்ளைகளில் வயது வந்தவர்களையும் ஒருமுறை நிலத்துக்கு அழைத்துப்போய்க் காட்டி, அவர்கள் காதிலும் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.